செவிக்கு ஒரு பரீட்சை



மனம் நொந்த ஒருவர் நம்மை நாடி வருகிறார். வந்தவர் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நம்மில் எத்தனை பேர் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுகிறோம்! சொல்லி முடித்த பிறகு, அவர் பேசியதைப் பொறுமையோடு கேட்டோம் என்ற திருப்தியும் நமக்கு உண்டாகிவிடுகிறது. உண்மையில் கேட்டோமா? கேட்டோம் என்பதற்கு என்ன சாட்சி? நம்முடைய ஞாபகம் ஒன்றுதானே சாட்சி? அந்தச் சாட்சியை எந்த நியாயஸ்தலம் ஏற்கும்?

இந்தக் கேள்வியைத் தம்மையே நோக்கிக் கேட்டு, அதற்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். அவர் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கார்ல் ராஜர்ஸ். உளச்சிகிச்சையைக் குறித்து அவர் எழுதி வெளியிட்ட ஆராய்ச்சிகளே என் பிரசங்கத்தின் பொருள். அவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அன்பு, பரிவு, ஒத்துணர்வு என்ற சொற்கள் நம் நினைவுக்கு வருகின்றன. பாடப்புத்தகங்கள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. அவை பொய்யல்ல. ஆயினும், அவரை அன்பின் பிரசாரகர் என்று மாத்திரம் போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது அவருக்கு நாம் இழைக்கும் அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். துன்புற்றவனுக்குச் செவிகொடுப்பவன், தான் எவ்விதம் செவிகொடுக்கிறான் என்பதைத் தானாக அறிய இயலாது. ஆகவே அவனுடைய செவியையும் பரீட்சைக்கு உட்படுத்தியாக வேண்டும் என்ற எண்ணமே அவருடைய உழைப்புக்கெல்லாம் உயிர்நாடியாக இருந்தது.

அவர் 1902-ம் ஆண்டு ஜனவரி 8-ம் தேதி, சிகாகோ நகரத்தை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில், பக்தியும் கட்டுப்பாடும் மிகுந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய தகப்பனார் பயிர்த்தொழிலையும் விஞ்ஞான முறைப்படி நடத்த வேண்டும் என்ற பிடிவாதமுள்ளவர். கால்நடைத் தீவனத்தைப் பற்றி மாரிசன் என்பவர் எழுதிய பெரிய நூலொன்று அந்த வீட்டில் இருந்தது. பதினான்கு வயதுப் பையன் அந்தத் தடித்த புத்தகத்தை ஆவலோடு படித்தான் என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். ஒரு தீவனத்தினால் பால் பெருகுகிறதா இல்லையா என்று அறிய வேண்டுமானால், அத்தீவனம் தின்னும் மாடுகளையும் தின்னாத மாடுகளையும் எவ்விதம் பிரித்து வைக்க வேண்டும், மற்ற நிலைமைகளையெல்லாம் எவ்விதம் சமமாக்க வேண்டும் என்பதை அவன் அந்த நூலிலிருந்து கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் மனித மனத்தின் வேதனையை ஆராயப் புகுந்தபோதும், மாட்டுக்கொட்டிலில் கற்ற அந்த நேர்மையை அவர் கைவிடவில்லை. பிறகு விவசாயக் கல்வி, சரித்திரப் படிப்பு, நியூயார்க் நகரில் இறையியல் கல்லூரி, அங்கிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி என்று பல துறைகளைக் கடந்து மனோதத்துவத்துக்கு வந்து சேர்ந்தார்.

1928 முதல் 1940 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், ராசெஸ்டர் என்னும் நகரில், கொடுமைக்கு உள்ளாகும் குழந்தைகளைப் பாதுகாக்கும் சங்கமொன்றில் அவர் பணியாற்றினார். திருடும் பிள்ளைகள், பள்ளியைவிட்டு ஓடும் பிள்ளைகள், பெற்றோரால் கைவிடப்பட்ட பிள்ளைகள் ஆகியோர் நடுவேதான் அவருடைய உண்மையான கல்வி நடந்தது. அக்காலத்து நிகழ்ச்சியொன்றை, 1961-ல் வெளியான தம் நூலில் அவரே விவரித்திருக்கிறார். அதை நான் சற்று விரிவாகச் சொல்ல நீங்கள் அனுமதிக்க வேண்டும்.

அடங்காத பையன் ஒருவனுடைய தாயார் அவரிடம் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பையனைச் சிறுவயதிலேயே தாய் வெறுத்து ஒதுக்கியதுதான் அவனுடைய கோளாறுக்கெல்லாம் மூலம் என்பது ராஜர்ஸுக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. அந்த உண்மையை அவளே உணரும்படி செய்துவிட்டால் போதும் என்று அவர் நம்பினார். மென்மையாகப் பேசினார், சாமர்த்தியமாகப் பேசினார், அவள் சொன்ன செய்திகளையே ஒன்றோடொன்று கோத்து அவள் முன் வைத்தார். சந்திப்பு மேல் சந்திப்பாகக் காலம் கழிந்ததேயன்றி ஒரு பயனும் உண்டாகவில்லை. இறுதியில், நாம் இருவரும் முயன்றோம், முடியவில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் சொல்ல, அவளும் சம்மதித்தாள். கைகுலுக்கி விடைபெற்றாள். கதவு வரையில் சென்றவள் திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை சொல்வதுண்டா என்று கேட்டாள். உண்டு என்று அவர் சொன்னதும், அப்படியானால் எனக்கு உதவி வேண்டும் என்று சொல்லித் தான் எழுந்த நாற்காலியிலேயே மீண்டும் வந்து உட்கார்ந்தாள். தன் தாம்பத்தியத்தின் துயரத்தையும், கணவனோடு தனக்குள்ள மனத்தாங்கலையும், தன் தோல்விகளையும் குழப்பங்களையும் அப்படியே கொட்டித் தீர்த்தாள். அதுவரை அவள் ஒப்புவித்த சாரமற்ற வரலாற்றுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. உண்மையான சிகிச்சை அந்தக் கணத்தில்தான் தொடங்கியது என்கிறார் ராஜர்ஸ். பையனும் பின்னர் நலமடைந்தான்.

அன்பர்களே, இதில் என்ன விசேஷம் என்று எண்ணிப் பாருங்கள். சிகிச்சையாளர் கண்டறிந்த காரணம் பொய்யாக இருந்ததா? இல்லை, அது மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த மெய்யினால் அவளுக்கு என்ன பிரயோஜனம்? தனக்கு எங்கே வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும், எந்த அனுபவம் தன் உள்ளத்தின் அடியில் புதைந்து கிடக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். சிகிச்சையாளர் தம் கெட்டிக்காரத்தனத்தை நிலைநாட்டும் ஆசையை விட்டு, அவள் போகும் வழியே கூடச் செல்லச் சம்மதிப்பாரா என்பதுதான் கேள்வி.

அந்த ஆண்டுகளிலேயே வேறொரு சம்பவமும் நடந்தது. ஒரு பெற்றோரிடம் சமூகப் பணியாளர் ஒருவர் நடத்திய நேர்காணலின் பிரதியொன்று வெளியாகியிருந்தது. பேட்டி கண்டவருடைய கூர்மையை வியந்து, தம்முடன் பணியாற்றியவர்களுக்கு ராஜர்ஸ் அதை முன்மாதிரியாகக் காட்டினார். சில ஆண்டுகளுக்குப் பின் அதையே எடுத்துப் படித்தபோது அவருக்குத் திகைப்பு உண்டாயிற்று. வழக்கறிஞர் குற்றவாளியைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வதைப்போல அல்லவா அது இருந்தது! முதலில் படித்த கண்ணும் பிறகு படித்த கண்ணும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. எழுத்தில் பதிவாகி நின்றபடியால்தான் பிழையைக் காண முடிந்தது. பதிவாகாமல் காற்றோடு கலந்துபோன பேச்சுகளில் எத்தனை எத்தனை பிழைகள் மறைந்து கிடக்குமோ!

அந்நாளில் உளச்சிகிச்சை அறை எவ்வாறிருந்தது? கதவு மூடியிருக்கும், உள்ளே இருவர் மட்டுமே இருப்பர். வெளி உலகத்துக்கு எட்டுவதெல்லாம் மருத்துவர் பின்னர் தம் ஞாபகத்திலிருந்து எழுதும் குறிப்புகள்தாம். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது குறிப்பெடுக்க வேண்டா என்று 1912-ல் சிக்மண்ட் பிராய்ட் அறிவுரை எழுதினார். குறிப்பெடுப்பவன் தன் மனத்தை முழுமையாகக் கொடுக்க மாட்டான், தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்வான் என்ற அவருடைய காரணம் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. ஆனால் அதன் விளைவு என்ன? சிகிச்சை அளித்தவரே சாட்சி, அவரே நீதிபதி, அவரே சரித்திராசிரியர் என்ற நிலைமை ஏற்பட்டது.

1940-ல் ராஜர்ஸ் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே பெர்னார்ட் கோவ்னர் என்ற மாணவருடைய துணையால், சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்யும் ஏற்பாடு உருவாயிற்று. இன்று விரல் நுனியால் ஒரு பொத்தானைத் தொட்டால் மணிக்கணக்கில் பேச்சு பதிவாகிவிடுகிறது. அன்றோ கிராமபோன் தட்டுகளில்தான் பதிவு செய்ய வேண்டும். ஒரு தட்டின் ஒரு பக்கம் சில நிமிஷங்களுக்கு மேல் தாங்காது. ஆதலால் இரண்டு இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஒன்றில் தட்டு முடியும் தறுவாயில் மற்றொன்றை முடுக்கிவிட வேண்டும். ஒரு மணி நேர உரையாடலுக்கு எத்தனை தட்டுகள், அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதுவதற்கு எத்தனை நாள் உழைப்பு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் கண்டது என்ன? முதலில் கண்டது தம்மையே. நாம் அதிகம் பேசுவதில்லை, எதையும் திணிப்பதில்லை, வந்தவரைத்தான் பேச விடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த இளம் ஆலோசகர்கள், தம் குரலைத் தட்டில் கேட்டதும் ஸ்தம்பித்துப் போனார்கள். எங்கெங்கே குறுக்கிட்டார்கள், எங்கே பேச்சைத் தம் இஷ்டப்படி திருப்பினார்கள், எங்கே புத்திமதியைக் கேள்விபோல் வேஷமிட்டு நுழைத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தட்டுகளில் இருந்தன. போர்ட்டர் என்ற மாணவர், பதிவான உரையாடல்களைப் பகுத்து எண்ணிப் பார்த்தார். வழிநடத்தும் போக்குடைய ஆலோசகர்கள், வழிநடத்தாத போக்குடையவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு சொற்களைப் பேசியிருந்தனர்! உதவி நாடி வந்தவர் பேசுவதற்கு அங்கே இடமேது?

1942-ல் ராஜர்ஸ் வெளியிட்ட ‘ஆலோசனையும் உளச்சிகிச்சையும்’ என்ற பொருள்படும் தலைப்புடைய நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயர் தாங்கிய ஓர் இளைஞரோடு நடந்த எட்டுச் சந்திப்புகளும் ஒரு சொல் விடாமல் அச்சாயின. ஒருவருடைய சிகிச்சை தொடக்கம் முதல் இறுதிவரை ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்குப் பெயர்ந்து அச்சேறியது அதுவே முதல் முறை. ஒவ்வொரு கூற்றுக்கும் எண் கொடுக்கப்பட்டிருந்தது. ஆலோசகர் எங்கே சரியாக உணர்ந்தார், எங்கே தடுமாறினார், எந்தச் சொல்லால் இளைஞரின் பேச்சு அடைபட்டது என்பதையெல்லாம் குறிப்புகளாகச் சேர்த்திருந்தார். இதன் துணிவை நாம் சரியாக மதிக்க வேண்டும். தம் தொழிலின் அந்தரங்கத்தை, அதன் குறைகளோடு, யார் வேண்டுமானாலும் படித்துக் கண்டிக்கலாம் என்று ஊருக்குமுன் விரித்து வைத்தவர் அதற்குமுன் எவர்?

1945-ல் அவர் சிகாகோ பல்கலைக்கழகம் சென்று அங்கே ஆலோசனை நிலையமொன்றை அமைத்தார். சிகிச்சையில் என்ன பேசினோம் என்பது தெரிந்துவிட்டது. பேசியதனால் மனிதன் மாறினானா என்பதல்லவா அடுத்த கேள்வி? மனம் மாறியதை எந்தத் தராசில் நிறுப்பது? அதற்கு அவர்கள் கையாண்ட உபாயம் மிக எளியது. வில்லியம் ஸ்டீபன்சன் வகுத்த முறை அது. தன்னைப்பற்றி மனிதன் சொல்லக்கூடிய வாசகங்கள் நூற்றை நூறு அட்டைகளில் எழுதுவார்கள். சிகிச்சைக்கு வந்தவர் அவற்றைப் படித்து, தமக்கு முற்றிலும் பொருந்துவது முதல் சற்றும் பொருந்தாதது வரை ஒன்பது குவியல்களாகப் பிரிக்க வேண்டும். இது அவர் காணும் தாம். பிறகு அதே அட்டைகளைக் கலைத்து, தாம் எவ்வாறிருக்க ஆசைப்படுகிறாரோ அதற்கேற்ப மீண்டும் பிரிக்க வேண்டும். இது அவர் விரும்பும் தாம். இரண்டு அடுக்குகளும் முற்றிலும் ஒத்திருந்தால் ஒட்டுறவுக் கெழு 1. யாதொரு தொடர்பும் இல்லாவிடில் பூஜ்யம்.

சிகிச்சைக்கு வந்த இருபத்தைந்து பேரின் சராசரி என்னவாயிருந்தது தெரியுமா? ஏறக்குறைய பூஜ்யம்! இருக்கின்ற தாமும் விரும்புகின்ற தாமும் ஒருவரையொருவர் அறியாத அந்நியர்களாக அவர்களுக்குள்ளே வாழ்ந்துகொண்டிருந்தனர். சிகிச்சை முடிந்தபோது அந்த எண் 0.34 ஆக உயர்ந்தது. சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் 0.31 என்ற அளவில் நின்றது. சிகிச்சையை நாடாத சாதாரண மனிதர்களின் ஒப்பீட்டுக் குழுவிலோ தொடக்கத்தில் 0.58, இறுதியில் 0.59. காலம் போனதாலேயே மாறுதல் வந்திருக்கலாமே என்று கேட்பவருக்கும் விடை சித்தமாயிருந்தது. வந்தவர்களுள் ஒரு பகுதியினரை அறுபது நாள் காக்க வைத்து, பிறகே சிகிச்சையைத் தொடங்கினார்கள். அந்த அறுபது நாளில் அவர்களுடைய எண் அசையவில்லை. சிறுவயதில் தீவனப் புத்தகம் படித்த பையனை இங்கே நாம் மறுபடியும் சந்திக்கிறோம். இந்த எண்கள் மிகப் பெரியவை அல்ல என்பதையும் கவனியுங்கள். சிகிச்சை பெற்றவர்கள் சாதாரண மனிதர்களின் நிலையை எட்டிவிட்டார்கள் என்று அவை சொல்லவில்லை. பாதி வழிக்குச் சற்று மேலே வந்தார்கள் என்றே சொல்கின்றன. அந்த அடக்கம்தான் எனக்கு நம்பிக்கையூட்டுகிறது.

இந்த ஆராய்ச்சிகளை ரோசலிண்ட் டைமண்ட் அம்மையாரோடு சேர்ந்து 1954-ல் அவர் நூலாக வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்தின் மனோதத்துவ அறிஞர் ஹான்ஸ் ஐசங்க், நரம்புத் தளர்ச்சி நோயாளிகளுள் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த உளச்சிகிச்சையும் இல்லாமலே சுமார் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகின்றனர், ஆகவே சிகிச்சையால் பயன் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று அறைகூவியிருந்தார். பலர் கோபித்தனர், பலர் பாராமுகமாக இருந்தனர். அத்தகைய கேள்விக்குக் கோபம் விடையாகுமா? அத்தாட்சியைத் தேடி உழைப்பதுதானே விடை? அந்த உழைப்பு சிகாகோவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அந்த நூலில் ஓக் அம்மையார் என்ற புனைபெயருடைய ஒரு குடும்பப் பெண்ணின் சிகிச்சை விரிவாக வருகிறது. முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்தவர். கணவனோடும் மகளோடும் ஒத்துப்போக முடியாமல் தவித்தவர். சிறிது சிறிதாகத் தம்மைத் தாமே விரும்பத் துணிந்தவர். அவருடைய கதையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். நானோ மற்றோர் அத்தியாயத்தைக் காட்ட விரும்புகிறேன். பெப் என்ற புனைபெயருடைய ஒரு மனிதரின் சிகிச்சை அங்கே இடம்பெற்றிருக்கிறது. அது தோல்வியுற்ற சிகிச்சை. தோல்வி என்றே பெயரிட்டு, அது எவ்விதம் தோற்றது என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தம் முறையின் வெற்றியை உலகத்துக்கு நிரூபிக்க வேண்டிய நூலில், தோல்விக்கு ஓர் அத்தியாயம்!

1956-ல் அமெரிக்க மனோதத்துவச் சங்கம் தன் விஞ்ஞானச் சாதனை விருதை முதன்முதலாக வழங்கியபோது, கோலர், ஸ்பென்ஸ் ஆகிய மனோதத்துவ அறிஞர் இருவரோடு ராஜர்ஸும் அதைப் பெற்றார். அடுத்த ஆண்டில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளியாயிற்று. சிகிச்சையால் மனிதன் மாறுவதற்கு ஆறு நிபந்தனைகள் அவசியம், அவையே போதும் என்று அதில் வாதித்தார். அவற்றுள் சிகிச்சையாளரைச் சார்ந்தவை மூன்று: உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல், நிபந்தனையின்றி மதித்தல், ஒத்துணர்தல். அவசியம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. அவையே போதும் என்ற கூற்று மிகையானது என்றே கருதுகிறேன். பெரும் அச்சத்தால் வீட்டைவிட்டு வெளியேற இயலாதவருக்கு, அந்த அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் வேறு முறைகளும் தேவைப்படுகின்றன என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனால் பரீட்சித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் தம் கருத்தை வரையறுத்துக் கூறினாரே, அதனால்தான் இன்று நாம் அதை மறுக்கவும் முடிகிறது.

அதே 1957-ல் அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் சென்று, மெண்டோட்டா அரசு மனநோய் மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளிகளிடம் தம் முறையைச் சோதிக்கத் துணிந்தார். பேசவே விரும்பாதவர்கள், உதவி கேட்டு வராதவர்கள், ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தவர்கள். ராஜர்ஸ் தாமே சந்தித்துவந்த ஓர் இளைஞன் பல நிமிஷங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். அந்த மௌனத்தை உடைக்க அவர் அவசரப்படவில்லை. நெடுநேரத்துக்கு ஒருமுறை, உன் மனத்தில் ஓடுவதைச் சொல்ல வேண்டுமென்று கட்டாயமில்லை, நான் இங்கே இருக்கிறேன் என்பதுபோல ஒன்றிரண்டு வாக்கியம் சொல்வார், மீண்டும் காத்திருப்பார். உன்னால் யாருக்கும் பயனில்லை என்று ஒருவர் சொன்ன சொல் தன்னைக் குத்தியதை ஒருநாள் அவன் வெளியிட்டான், செத்துப்போனால் நல்லது என்றான், அழுதான். ராஜர்ஸ் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை, தைரியமும் சொல்லவில்லை. அந்த அடி எவ்வளவு ஆழமாகப் பட்டது என்பதை மட்டும் அவனோடு சேர்ந்து உணர்ந்தார். அந்த இளைஞன் பிற்பாடு மருத்துவமனையை விட்டு வெளியே சென்று வாழ்ந்தான்.

இத்தகைய நிகழ்ச்சி ஒன்றை வைத்துக்கொண்டு வெற்றி முழக்கம் செய்திருக்கலாம் அல்லவா? இந்த ஆராய்ச்சியைப் பற்றி 1967-ல் வெளியான பெருநூல் அப்படிச் செய்யவில்லை. சிகிச்சை பெற்றவர்களின் குழுவும் பெறாதவர்களின் குழுவும் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. ஒத்துணர்வு மிக்க சிகிச்சையாளரைப் பெற்ற நோயாளிகள் ஓரளவு தேறினர். அது குறைந்தவரிடம் அகப்பட்டவர்கள் தேறவில்லை, சிலர் மோசமானார்கள். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. இத்துறையில் புகும் ஒவ்வொருவரும் அதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை உறவு எப்படியிருந்தது என்று நோயாளிகளையும், ஒலிநாடாவைக் கேட்ட நடுநிலையாளர்களையும், சிகிச்சையாளர்களையும் தனித்தனியே கேட்டார்கள். சித்தம் சிதைந்தவர்கள் என்று நாம் தள்ளிவைக்கும் அந்த நோயாளிகளின் மதிப்பீடும் நடுநிலையாளர்களின் மதிப்பீடும் ஒத்திருந்தன. மாறுபட்டு நின்றவர்கள் சிகிச்சையாளர்களே! அனுபவமும் மனச்சாட்சியும் உடையவர்களாயிருந்தும், தாங்கள் நன்றாகவே புரிந்துகொண்டதாக அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1977-ல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இருவர் 375 ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டு, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டினர். ஐசங்கின் வினாவுக்கு அவ்விதம் ஒரு விடை கிடைத்தது. ராஜர்ஸ் 1987-ல் காலமானார். பயிற்சி பெறும் மாணவர் தம் உரையாடலைப் பதிவு செய்து ஆசிரியர்முன் வைத்துக் கேட்பது இன்று உலகெங்கும் பல பயிற்சி நிலையங்களில் வழக்கமாகிவிட்டது.

இந்த மன்றத்தின் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். ராஜர்ஸைப் படிக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் 1961-ம் ஆண்டு நூலையே முதலில் எடுக்கிறார்கள். இனிய நூல், படிக்கட்டும். அதை முடித்ததும் உங்கள் நூலகத்தாரை நச்சரித்தாவது 1954-ம் ஆண்டு நூலை வரவழையுங்கள். ஓக் அம்மையாரின் அத்தியாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெப் என்பவரின் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அடுத்த மாதம் நாம் கூடும்போது, அந்தச் சிகிச்சை எந்த இடத்தில் வழுக்கியது என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்பதை உங்களிடமிருந்து கேட்டறிய ஆவலாயிருக்கிறேன்.